ஷாங்காயின் கோபுரங்களும் குடிகளும்

நமது தேசத்தில் ஒரு பட்டணத்தைச் சீர்திருத்தப் போவதாக வாக்களிக்கும் மந்திரிகள் ஷாங்காயின் பெயரை உச்சரிக்காமல் விடுவது அபூர்வம். 2004ஆம் வருஷத்தில் பிரதம மந்திரி மன்மோகன் சிங் மும்பைக்கு வந்திருந்தபோது, ஐந்து வருஷங்களில் உலகத்தார் ஷாங்காயை மறந்து மும்பையைப் பற்றிப் பேசும்படி செய்ய வேண்டுமென்னும் தமது கனவை வெளியிட்டார். அந்த ஐந்து வருஷங்கள் நான்கு முறை கழிந்துவிட்டன. உலகத்தார் ஷாங்காயை மறந்ததாகத் தெரியவில்லை. மும்பையின் குறைகளை ஆராய்வது இன்று நமது நோக்கமன்று. எந்த நகரத்தைப் பார்த்து நம்மவர் பெருமூச்சு விடுகிறார்களோ அந்த நகரம் யாருடைய பணத்தால் எழும்பிற்று, அதற்கு இடம் விட்டு விலகியவர் யார், அதைக் கட்டிய கைகள் இரவில் எங்கே போய் ஓய்கின்றன என்பவற்றை விசாரியாமல் படத்தை மட்டும் கண்டு மயங்குவது ராஜ்ய காரியத்தில் ஈடுபட்டவர்களுக்கு அழகாகாது.

படம் எல்லோரும் அறிந்ததே. ஹுவாங்பூ நதியின் கிழக்குக் கரையில், லூஜியாசூய் என்னும் முனையில், 1994ல் முடிந்த 468 மீட்டர் உயரமுள்ள தொலைக்காட்சிக் கோபுரம் நிற்கிறது. அதன் பின்னால் 1999ல் திறக்கப்பட்ட 420 மீட்டர் ஜின் மாவ் மாளிகை. 2008ல் திறந்த 492 மீட்டர் உலக நிதி மாளிகை. இவற்றையெல்லாம் கீழே விட்டு 2015ல் முடிந்த 632 மீட்டர் ஷாங்காய்க் கோபுரம். கடைசியாகச் சொன்னது 128 மாடிகள் கொண்டு, பிழிந்த வேஷ்டியைப் போல் முறுக்கிக்கொண்டு மேலே செல்கிறது. அந்த முறுக்கு வெறும் அலங்காரமன்று. கடற்கரைப் புயலின் விசையைத் தணிப்பதற்காகச் சிற்பிகள் கண்ட உபாயம். இக்காட்சியைக் காண வருவோர் நதியின் மேற்குக் கரையில் நிற்கிறார்கள். அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் 'பண்ட்' என்று வழங்கும் பழைய கரைவீதியின் கல்மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. முன்னே நிற்பதன் பொருள் விளங்க வேண்டுமானால் பின்னே நிற்பதையும் சிறிது திரும்பிப் பார்க்க வேண்டும்.

அபினி யுத்தத்தில் தோற்ற சீனா 1842ஆம் வருஷத்து நான்கிங் உடன்படிக்கையால் ஐந்து துறைமுகங்களை அந்நியருக்குத் திறந்துவிட்டது. அவற்றுள் ஷாங்காய் ஒன்று. அதன்பின் ஒரு நூற்றாண்டு காலம் அந்நகரத்தின் சிறந்த பாகங்களில் சீனச் சட்டம் செல்லவில்லை. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் சேர்ந்து ஒரு நகரசபையை நடத்தினர்; பிரெஞ்சுக்காரர் தமக்கென வேறொரு பகுதியை வைத்திருந்தனர். பாங்குகளும் சுங்கச் சாலையும் கப்பல் கம்பெனிகளும் அக்கரைவீதியில் எழும்பின. இதில் நம்மவருக்கும் ஒரு வருந்தத்தக்க பங்கு உண்டு. அந்நிய நகரசபை பஞ்சாபிலிருந்து சீக்கியர்களை வரவழைத்துப் போலீஸ் வேலையில் வைத்திருந்தது. 1925ஆம் வருஷம் மே மாதம் 30ஆம் தேதி நான்கிங் வீதியில் மாணவர்களும் தொழிலாளரும் கூடிக் கிளர்ச்சி செய்தபோது, ஆங்கில இன்ஸ்பெக்டர் ஒருவர் இட்ட உத்தரவின்மேல் துப்பாக்கி தூக்கிச் சுட்டவர்களில் சீனக் கான்ஸ்டபிள்களோடு சீக்கியரும் இருந்தனர். சீன தேசிய இயக்கத்தின் சரித்திரத்தில் அந்த நாள் மறக்கப்படாத நாள். ஆதலின் நதிக்கு மேற்கே இருந்த பழைய கரைவீதியை இடிக்காமல் வைத்துக்கொண்டு, அதற்கு நேர் எதிரே, அதைப்போல் பன்மடங்கு உயரத்தில் ஒரு புதுக்கரையை எழுப்பியதில் வர்த்தகம் மட்டும் இருந்ததென்று நாம் நம்பவில்லை. உலக நிதி மாளிகையைக் கட்டிய ஜப்பானியக் கம்பெனி அதன் உச்சியில் வட்டமான துவாரம் ஒன்றை வைக்க உத்தேசித்திருந்தது. ஜப்பானின் உதயசூரியக் கொடி நம் நகரத்தின்மீது பறப்பதா என்று ஆட்சேபம் கிளம்பவே, வட்டம் போய்ச் சதுரம் போன்ற உருவம் வந்தது. கட்டடங்களைக் கொடிகளாகப் பாவிக்கும் நகரம் அது.

1949க்குப் பிறகு நாற்பது வருஷம் ஷாங்காய் மூலையில் கிடந்தது என்றே சொல்லலாம். வேலை செய்யாமல் கிடக்கவில்லை. ஆலைகள் ஓயாமல் ஓடின. ஆனால் அந்த உழைப்பின் லாபத்தில் பெரும்பகுதியை மத்திய அரசு வாரிக்கொண்டு போய்த் தேசத்தின் மற்றப் பாகங்களில் செலவிட்டது. முதலாளிகளின் பட்டணம் என்ற பழி வேறு. 1934ல் கட்டிய 22 மாடியுள்ள பார்க் ஹோட்டல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் அந்நகரத்தின் மிக உயர்ந்த கட்டடமாகவே நின்றது. சந்துகளில் நெருங்கியிருந்த பழைய வீடுகளில் ஓர் அறைக்குள் மூன்று தலைமுறை உறங்கிற்று. பல குடும்பங்களுக்கு ஒரே அடுக்களை. கக்கூஸ் கிடையாது, காலையில் மலச்சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். அந்தச் சந்துகளின் கல்வாசல்களைப் பற்றி இன்று உருகி எழுதுகிறவர்களில் அநேகர் அங்கே குடியிருந்தவரல்லர். வீடுகள் வேண்டும், வெளிச்சம் வேண்டும் என்ற குறை உண்மையானது. இடிக்கவே கூடாது என்று வாதிப்பதற்கு நாம் வரவில்லை.

1990 ஏப்ரலில் சீன சர்க்கார் ஹுவாங்பூவின் கிழக்கே உள்ள புதோங் பிரதேசத்தைத் திறந்து வளர்க்கப் போவதாக அறிவித்தது. அதுவரை அங்கே வயல்களும் பண்டகசாலைகளும் சில ஆலைகளுமே இருந்தன. புதோங்கில் ஒரு வீடு கிடைப்பதைவிட மேற்குக் கரையில் ஒரு கட்டில் கிடைப்பது மேல் என்று ஷாங்காய்வாசிகள் சொல்லி வந்தனர். நதியைக் கடக்கப் படகும் ஒரு சுரங்க வழியுமே இருந்த காலத்தில் அது நியாயமான பேச்சுத்தான். 1991ல் நான்பூ பாலமும் 1993ல் யாங்பூ பாலமும் முடிந்தன. இடையே, 1992ல், டெங் சியாவோபிங் தென்திசை யாத்திரை செய்து, சீர்திருத்தத்தைத் தைரியமாக நடத்துங்கள் என்று கட்சிக்காரர்களைத் தட்டி எழுப்பினார். ஷாங்காயை முன்பே திறந்துவிடாமற் போனது தவறு என்றும் அவர் ஒப்புக்கொண்டார்.

இனிப் பணத்தின் கதைக்கு வருவோம். சட்டம் படித்தவர்கள் இதைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். 1982ஆம் வருஷத்து அரசியல் சட்டப்படி சீனாவில் நகர நிலம் முழுவதும் அரசின் உடைமை. நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ ஒருவருக்கும் உரிமையில்லை என்று அதே சட்டம் கூறிற்று. அப்படியிருக்க, 1987 டிஸம்பரில் ஷென்ஜென் நகரத்து அதிகாரிகள் ஒரு மனையின் உபயோக உரிமையைப் பகிரங்க ஏலத்தில் கொடுத்தனர். சட்டம் அதன்பின், 1988 ஏப்ரலில்தான், திருத்தப்பட்டது. குற்றம் முதலில், அதை அனுமதிக்கும் சட்டம் பிறகு. இந்த வரிசை நமது நியாயஸ்தலங்களில் செல்லுமா என்பது வேறு விஷயம். அதே 1988ல் ஷாங்காயும் தனது ஹொங்சியாவ் பகுதியில் ஒரு மனையை ஜப்பானியக் கம்பெனி ஒன்றுக்கு 50 வருஷக் குத்தகைக்கு விட்டது. அந்நியனுக்குக் குத்தகைக்கு நிலம் விடுவதா, மறுபடியும் பழைய அந்நியப் பேட்டைகளா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. வித்தியாசம் யாதெனில், இம்முறை நிலத்தின் சொந்தக்காரன் யார் என்பதில் சந்தேகமில்லை. வாடகைப் பணம் அவன் பெட்டிக்கே போயிற்று.

இதுதான் ஷாங்காயின் ரகசியம். உடைமை அரசிடம் நிற்க, உபயோக உரிமை மட்டும் கைமாறிற்று: குடியிருப்புக்கு 70 வருஷம், வியாபாரத்துக்கு அதனிற் குறைந்த காலம். வயலாகவோ சந்தாகவோ இருந்தபோது குறைந்த விலை பெற்ற மண்ணின்மேல் பாலமும் ரயிலும் வந்தவுடன் விலை ஏறிற்று. ஏறிய விலையைக் குத்தகைப் பணமாக வாங்கி மேலும் பாலமும் ரயிலும் போட்டனர். நமது நகரங்களில் ரயில் வரப்போகிறதென்ற வதந்தி கிளம்பியவுடன் நிலத்தை வளைத்துப்போட்டு, பொதுஜனப் பணத்தால் உண்டான விலையேற்றத்தைத் தனிப்பட்டவர்கள் அனுபவிப்பதை நாம் தினந்தோறும் பார்க்கிறோம். அந்த அளவில் சீனரின் ஏற்பாடு நம்முடையதைவிட மேலானது என்பதை மறுக்க இயலாது. ஆனால் 1994ஆம் வருஷத்து வரிச் சீர்திருத்தத்தின்பின் வரிகளில் பெரும்பகுதி மத்திய அரசுக்குச் செல்ல, உள்ளூர் அரசுகள் செலவுக்கு நிலத்தையே நம்பத் தொடங்கின. மண்ணை விற்றுச் சம்பளம் கொடுக்கும் அரசுக்கு அந்த மண்ணின்மேல் குடியிருப்பவன் ஓர் இடைஞ்சலாகிவிடுகிறான்.

1990களில் 365 ஹெக்டேர் குடிசைப் பகுதிகளை அகற்றுவதென்று திட்டமிட்டு, அந்தத் தசாப்தத்தின் முடிவுக்குள் அதை ஷாங்காய் அதிகாரிகள் முடித்தனர். லட்சக்கணக்கான குடும்பங்கள் நகரத்தின் நடுவிலிருந்து வெளிவட்டங்களுக்குப் பெயர்ந்தன. அநேகருக்குக் குழாயும் அடுக்களையும் உள்ள வீடு கிடைத்தது, அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். சந்தோஷப்படாதவர்களுக்கு என்ன வழி இருந்தது? ஜிங்ஆன் பகுதியில் 'கிழக்கு எட்டுத் தொகுதிகள்' என்று பெயர்பெற்ற இடத்தில் குடியிருந்தவர்களை, திரும்ப அங்கேயே வீடு தருவோமென்ற நம்பிக்கையில் வெளியேற்றினர். நிலம் ஜோ ஜெங்யி என்னும் பெருந்தனவந்தரின் கைக்குப் போயிற்று. திரும்பி வரும் பேச்சு எழாமற் போகவே குடிகள் 2003ல் வழக்குத் தொடர்ந்தனர். அவர்களுக்குச் சட்ட யோசனை சொன்ன வக்கீல் ஜெங் என்சோங் ஏற்கெனவே தமது தொழில் உரிமத்தை இழந்திருந்தவர். அந்த வருஷம் ஜூனில் அவரைக் கைது செய்தனர். தேச ரகசியங்களை வெளிநாட்டுச் சங்கத்துக்கு அனுப்பினார் என்பது குற்றச்சாட்டு; அக்டோபரில் மூன்று வருஷச் சிறைவாசம் விதிக்கப்பட்டது. ஜோ ஜெங்யிக்கு 2004ல் பங்கு வியாபார மோசடிக்காக அதே மூன்று வருஷம் கிடைத்தது. திருடனுக்கும் திருட்டைச் சொன்னவனுக்கும் தராசு ஒரே எடை காட்டிற்று! பின்னர் 2006ல் ஷாங்காய்க் கட்சியின் தலைவர் சென் லியாங்யூ, தொழிலாளரின் ஓய்வூதிய நிதியைத் தகாத வழியில் முதலீட்டுக்குத் திருப்பிய விவகாரத்தில் பதவி இழந்தார். 2008ல் அவருக்கு 18 வருஷத் தண்டனை. 2007ல் ஜோ ஜெங்யிக்கும் லஞ்சம் முதலிய குற்றங்களுக்காக 16 வருஷம் விதிக்கப்பட்டது. வக்கீல் 2006ல் விடுதலையான பின்னும் பல காலம் அவர் வீட்டு வாசலில் காவல் நின்றது.

சீனாவில் சட்டம் அசையவே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2007ல் சொத்துரிமைச் சட்டம் வந்தது. 2011 ஜனவரியில் வெளியான புதிய விதிகளின்படி, குடியிருப்பவனைப் பலவந்தமாக வெளியேற்ற வேண்டுமானால் அதிகாரிகள் கோர்ட்டின் உத்தரவைப் பெற வேண்டும். நஷ்டஈடும் சந்தை விலைக்குக் குறையக் கூடாது. ஷாங்காயில் ஒரு தொகுதியை எடுப்பதற்கு முன்பாகக் குடிகளில் மிகப் பெரும்பான்மையோரின் சம்மதத்தைக் கேட்கும் வழக்கமும் ஏற்பட்டது. ஆனால் இவையெல்லாம் வந்தபோது நகரத்தின் நடுப்பாகத்தில் பெரும்பகுதி இடிந்து முடிந்திருந்தது. சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் மகாநாடு 1921ல் கூடிய கல்வாசல் வீட்டை ஞாபகச் சின்னமாகக் காத்து நிற்கிறார்கள். அதை ஒட்டிய சந்துகளை 2001ல் ஹாங்காங் கம்பெனி ஒன்று ஷின்தியான்தி என்ற பெயரில் பணக்காரர்கள் தின்று குடித்து உலாவும் கடைவீதியாக்கிற்று. தொழிலாளரின் ராஜ்யம் பிறந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் தொழிலாளி ஒரு கிண்ணம் காப்பி வாங்க இயலாது.

இவ்வளவு பாரத்தையும் தாங்கும் மண் எத்தகையது? ஷாங்காய் நிற்பது யாங்ட்ஸி நதி கொண்டுவந்து கொட்டிய வண்டல்மேல். பாறை மிக ஆழத்தில் இருக்கிறது. லூஜியாசூய்க் கோபுரங்கள் 80 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்துக்கு அடித்த நிலத்தூண்களின்மேல் நிற்கின்றன. ஆலைகளுக்காக நிலத்தடி நீரை இறைத்ததால் தரை அமிழ்ந்து வருவதை 1921லேயே கண்டுபிடித்தனர். 1960களின் நடுவில் இறைப்பைக் கட்டுப்படுத்தி, மண்ணுக்குள் நீரைத் திரும்பச் செலுத்தத் தொடங்கும் வரையில் சில இடங்கள் 2 மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிட்டன. அமிழ்வது நின்றபாடில்லை, 1990களில் கட்டடங்களின் பாரமும் சேர்ந்துகொண்டது. அவசரத்தின் விளைவுக்கு வேறோர் உதாரணமும் உண்டு. 2009 ஜூன் 27ஆம் தேதி மின்ஹாங் பகுதியில் கட்டிக்கொண்டிருந்த 13 மாடிக் கட்டடம் ஒன்று, வெட்டிய மரம்போல், உடையாமல் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. ஒரு புறத்தில் வண்டிகள் நிறுத்தப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். தோண்டிய மண்ணை மறுபுறத்தில் மலையாகக் குவித்திருந்தார்கள். ஒரு தொழிலாளி மாண்டார். அடுத்த வருஷம் நவம்பர் 15ஆம் தேதி ஜிங்ஆனில் 28 மாடிக் குடியிருப்பு ஒன்றின் வெளிச்சுவர் வேலையின்போது வெல்டிங் பொறி பட்டுத் தீப்பிடித்து 58 பேர் மடிந்தனர். உரிமமில்லாத வேலையாட்கள், ஒப்பந்தத்தின்மேல் உள் ஒப்பந்தம்! விசாரணையில் வெளிவந்த இந்தச் சங்கதிகள் நமது வாசகர்களுக்குப் புதியவையாக இரா.

கோபுரங்களைப் பற்றி இது போதும். உண்மையில் ஷாங்காயின் பெரிய காரியம் உயரத்தில் இல்லை, நீளத்தில் இருக்கிறது. 1993ல் அந்நகரத்தில் முதல் நகர ரயில் ஓடிற்று. இன்று அதன் தண்டவாளங்கள் 800 கிலோ மீட்டருக்கு மேல் நீண்டு, வேலை நாளொன்றில் ஒரு கோடிக்கு மேற்பட்ட பிரயாணங்களைச் சுமக்கின்றன. உலகில் இவ்வளவு நீளமான நகர ரயில் அமைப்புகள் வேறு ஒன்றிரண்டே உண்டு. முப்பது வருஷத்துக்குள் இதைச் செய்து முடித்ததை எந்த நிந்தையாளனும் குறைத்துச் சொல்ல முடியாது. கூடவே, மோட்டார் கார் வைத்துக்கொள்ள விரும்புகிறவன் எண்பலகையை மாதாந்தர ஏலத்தில் எடுக்க வேண்டுமென்று விதித்தார்கள். ஏல விலை 90,000 யுவான் வரையில் ஏறிற்று; ஒரு சிறிய காரின் விலைக்கு மேலேயே என்று சொல்லலாம். பணக்காரனிடம் தெருவுக்கு வாடகை வாங்கிக்கொண்டு ஏழைக்கு ரயில் விட்டார்கள் என்று ஒருவர் புகழ்ந்தால் நாம் ஆட்சேபிக்க மாட்டோம்.

ரயில் போன இடமெல்லாம் புறநகர் முளைத்தது. தென்மேற்கே சோங்ஜியாங்குக்கு 9ஆம் வழி 2007ல் திறந்தது. வடமேற்கே 11ஆம் வழி 2013 அக்டோபரில் ஷாங்காயின் எல்லையைத் தாண்டி அண்டை மாகாணமான ஜியாங்சுவிலுள்ள குன்ஷான் நகரத்து ஹுவாசியாவ் வரையில் நீண்டது. ஒரு நகர ரயில் மாகாண எல்லையைக் கடந்தது சீனாவில் அதுவே முதல் தடவை. 2023ல் சூசோ நகரத்து ரயில் அங்கே வந்து சேர்ந்ததால், பொறுமையுள்ளவன் ஷாங்காயில் ஏறிச் சூசோவில் நகர ரயிலிலேயே இறங்கலாம். ஷாங்காயில் வீடு வாங்க வழியில்லாத குமாஸ்தாக்களும் கணக்கர்களும் இளம் இஞ்சினீயர்களும் ஹுவாசியாவில் குடியேறினர். விடியுமுன் புறப்பட்டு, இருட்டிய பின் திரும்பும் வாழ்க்கை. உழைப்பது ஒரு மாகாணத்தில், உறங்குவது மற்றொன்றில். அவர்களுடைய உழைப்பின் பயன் ஷாங்காயில் தங்குகிறது, அவர்களுடைய குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கும் பொறுப்பு குன்ஷானுக்கு. 2022ஆம் வருஷம் கொள்ளை நோய்க்காக ஷாங்காய் இரண்டு மாதம் பூட்டப்பட்டபோது, இந்த எல்லைக்கோடு தேசப்படத்தில் மட்டும் உள்ளதன்று என்பதை அவர்கள் நன்றாக அறிந்துகொண்டார்கள்.

புறநகர்களைப் பற்றிய ஒரு வேடிக்கையையும் சொல்லாமல் விடக்கூடாது. 2001ல் ஷாங்காய் அதிகாரிகள் 'ஒரு நகரம், ஒன்பது ஊர்கள்' என்று ஒரு திட்டம் வகுத்தனர். நெரிசலை வெளியே இழுப்பதற்காக ஏற்படும் ஊர்களிற் பலவற்றை ஐரோப்பிய தேசங்களின் சாயலில் கட்டுவதென்று முடிவாயிற்று. ஆன்திங்கில் ஜெர்மன் ஊர், பூஜியாங்கில் இத்தாலிய ஊர், காவ்சியாவில் டச்சு ஊர், சோங்ஜியாங்கில் 'தேம்ஸ் டவுன்' என்னும் ஆங்கில ஊர். இதில் கோதிக் பாணி மாதாகோவில் உண்டு, சிவப்பு டெலிபோன் கூண்டு உண்டு, வின்ஸ்டன் சர்ச்சிலின் சிலையும் உண்டு. ஆங்கிலேயனைக் கரைவீதியிலிருந்து வெளியேற்ற ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அவனைப் பிரதிமையாகத் திரும்ப அழைத்துவர ஐந்து வருஷம் போதுமாயிற்று. நெடுங்காலம் அங்கே குடிவந்தவரைவிடக் கல்யாணப் போட்டோ எடுக்க வந்த தம்பதிகளே அதிகம். வீடுகளை முதலீட்டுக்காக வாங்கிப் பூட்டி வைத்தார்கள். குடியிருக்க வேண்டியவனை விட்டுவிட்டுப் பணம் போடுபவனுக்காகக் கட்டிய ஊர் வேறு எவ்விதம் இருக்கும்? 2020 ஏப்ரலில் சீன மத்திய அரசு, அயல்நாட்டுக் கட்டடங்களைப் பார்த்துப் பிரதி எடுப்பதைத் தடுத்தும், 500 மீட்டருக்கு மேற்பட்ட கோபுரங்களைக் கட்டுவதைக் கட்டுப்படுத்தியும் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மறு வருஷம் அக்கட்டுப்பாடு தடையாகவே முற்றிற்று. சுயமரியாதை தாமதமாய் வந்தாலும் வரவேற்கத்தக்கதே.

ஆயினும், ஊர் எந்தப் பாணியில் இருக்கிறது என்பதைவிட, ஊரான் யார் என்பதே கனமான கேள்வி. 1990ல் ஷாங்காயின் ஜனத்தொகை 1 கோடி 33 லட்சம். 2000ல் 1 கோடி 64 லட்சம். 2010ல் 2 கோடி 30 லட்சம். 2020 ஜனக்கணிதப்படி 2 கோடி 48 லட்சத்து 70 ஆயிரம். இந்தக் கடைசித் தொகையில் 1 கோடி 4 லட்சத்து 80 ஆயிரம் பேர் வேறு மாகாணங்களிலிருந்து வந்து வசிப்பவர்கள். 1958ல் ஏற்பட்ட 'ஹுகோ' என்னும் குடிப்பதிவு முறை ஒவ்வொரு சீனனையும் அவன் பிறந்த குடும்பத்தின் ஊரோடு கட்டிவைத்தது. பட்டணத்தில் பஞ்சம் வராமலும், கிராமத்தார் வயலை விட்டு ஓடாமலும் காப்பதற்காக வந்த முறை அது. 1980களுக்குப் பின் ஆலைகளுக்கும் கட்டட வேலைக்கும் ஆள் வேண்டியிருந்தபோது கயிற்றை நீளமாக்கினார்கள், அவிழ்க்கவில்லை. ஆன்ஹுயிலிருந்தும் ஜியாங்சியிலிருந்தும் வந்தவன் ஷாங்காயில் செங்கல் சுமக்கலாம், கோபுரத்தின் கண்ணாடியைத் துடைக்கலாம், ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கலாம். அங்கத்திய குடி என்று எழுதிக்கொள்ள மாட்டான். பள்ளி, வைத்தியம், ஓய்வூதியம், வீடு வாங்கும் உரிமை ஆகியவற்றில் அவனுக்கும் பதிவுபெற்றவனுக்கும் இடையே வாசல் வைத்த சுவர் ஒன்று நின்றது. வாசலின் சாவி அதிகாரியிடம். நம்முடைய அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு எந்தப் பிரஜையும் தேசத்தின் எப்பாகத்திலும் வசிக்கலாமென்று கூறுகிறது. நமது குடிசைப் பகுதிகளின் இழிநிலையை அச்சட்டம் மாற்றிவிடவில்லை என்பது மெய்யே. எனினும் தாராவியில் வசிப்பவன் ஓட்டுப் போடுகிறான். அவனைத் தேடி ஐந்து வருஷத்துக்கொரு முறையாவது மந்திரி வருகிறார்.

2017ல் ஒப்புதல் பெற்ற ஷாங்காயின் பிரதானத் திட்டம், 2035 வரையில் ஜனத்தொகை 2 கோடி 50 லட்சத்தைத் தாண்டக் கூடாதென்று வரம்பு கட்டிற்று. கட்டட நிலத்துக்கும் 3,200 சதுர கிலோ மீட்டர் என்று வேலி போட்டது. 2020 கணக்கை இதோடு ஒப்பிட்டால், பதினைந்து வருஷத்துக்கு இன்னும் 1 லட்சத்து 30 ஆயிரம் பேருக்குத்தான் இடம் மிச்சம். ஜியாடிங், சிங்பூ, சோங்ஜியாங், ஃபெங்ஷியன், நான்ஹுய் ஆகிய ஐந்து புறநகர்களையும் தனித்தனி நகரங்களாக வளர்ப்பதாக 2021ல் அறிவித்தார்கள். வீடுகள் எழும்புகின்றன; வருகிறவர்களைப் பொறுக்கி எடுக்கிறார்கள். நகரத்திலோ பதிவுபெற்ற குடிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். அவர்களுக்குள் பிறப்பு இறப்பைவிடக் குறைந்து வெகுகாலமாகிறது. அந்தக் கிழவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, கைபிடித்து நடத்திச் செல்லும் ஸ்திரீகள் அநேகமாய் வெளியூர்க்காரர்கள். இதற்கிடையில் வீட்டு வியாபாரத்தின் நெருக்கடியும் வந்தது. கடன்பட்டுக் கட்டும் கம்பெனிகளுக்கு 2020ல் கடிவாளம் போட, 2021ல் எவர்கிராண்ட் கம்பெனி கடனைத் திருப்ப இயலாமல் வீழ்ந்தது. 2024 ஜனவரியில் ஹாங்காங் கோர்ட்டு அதைக் கலைத்துவிட உத்தரவிட்டது. நிலத்தை விற்றே செலவு செய்த உள்ளூர் அரசுகளுக்கு அந்த வரும்படி சுருங்கிற்று. ஷாங்காய் மற்றவற்றைவிடக் குறைவாகவே அடிபட்டது என்றாலும், ஏறிக்கொண்டே போகும் விலையை நம்பிய கணக்கு இனி அங்கும் பழையபடி செல்லாது. செல்வத்தை மண்ணிலிருந்து எடுக்க முடியாத நகரம் மனிதரிடமிருந்து எடுக்க வேண்டிவரும். அப்போது எந்த மனிதரை உள்ளே விடுவது என்பதில் அதன் அதிகாரிகள் எவ்விதக் கணக்குப் போடுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தக் கணக்கின் மாதிரி ஒன்று ஏற்கெனவே உண்டு. சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சையைப் பொதுவாக அவரவர் பதிவுபெற்ற ஊரில்தான் எழுத வேண்டும். ஆகவே ஷாங்காயில் வளர்ந்த வெளியூர்ப் பிள்ளை பதினைந்து வயதில் தாய் தந்தையரை விட்டுத் தான் அறியாத கிராமத்துக்குத் திரும்பிப் படிக்க வேண்டியவனாகிறான். இதற்குப் பரிகாரமாக 2013ல் ஷாங்காய் ஒரு புள்ளி முறையை ஏற்படுத்திற்று. பெற்றோரில் ஒருவர் 120 புள்ளிகள் சேர்த்தால் பிள்ளை அங்கேயே பரீட்சை எழுதலாம். டாக்டர் பட்டம் பெற்றவருக்கு எடுத்த எடுப்பில் 110 புள்ளிகள், எம்.ஏ.க்கு நிகரான பட்டத்துக்கு 100. முதலாளி சமூகக் காப்பீட்டுச் சந்தா கட்டிவந்தால் ஒவ்வொரு வருஷத்துக்கும் 3. பட்டமோ தொழிற் சான்றிதழோ இல்லாமல் கறிகாய் விற்பவனும் வீட்டுவேலைக்காரியும் சந்தா கட்டும் முதலாளியைத் தேடிப் பிடித்துவிட்டார்களென்றே வைத்துக்கொள்வோம். வயதுக்குரிய 30 புள்ளிகளையும் முழுமையாகக் கொடுத்தால் மிச்சம் 90. வருஷத்துக்கு மூன்றாக அதைச் சேர்க்க முப்பது வருஷம் ஆகும். அதற்குள் வயது ஏறி அந்த முப்பதும் குறைந்துபோகும். பரீட்சைக்குப் போக வேண்டிய பிள்ளைக்கும் அதற்குள் பிள்ளை பிறந்திருக்கும்.